குதிகால் சத்தம்

ஒரு குடும்பம் ஒரே ஒரு ‘ஏன்’தான் கேட்கலாம் என்று சட்டம் சொன்னது. அதை எதற்குச் செலவழிப்பது என்று தெரியாமல் பூங்கனி குடியேற்ற அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். உப்புத் தண்ணீரில் வெடித்துப்போன கால்கள் அந்தக் குளிர்ந்த அறையில் அதிகமாக எரிந்தன. யாரும் பார்க்காதபடி அவற்றை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

எதிரே எப்சிபா மேடம். எந்தக் குடும்பம் எந்த ஊருக்குப் போகலாம் என்று சொல்கிற வேலை அவருக்கு. மேசைத் திரையில் மூன்று ஊர்களின் பெயர்கள் இருந்தன. இன்று புதன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இடம் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். அடுத்த வாய்ப்பு வருவதற்குள் மூத்தவள் தாரகை எட்டு வயதைத் தாண்டியிருப்பாள்.

எட்டு வயதுதான் கோடு. வடக்கே பனி நாடுகளில் பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. இங்கே தூத்துக்குடியில் கடல் ஏறி உப்பளத்தில் பாதியைத் தின்றுவிட்டது. மீதிப் பாதியில் காலை பத்து மணிக்கு மேல் நின்ற ஆள் வெயில் தாங்காமல் விழுந்தான். அவர்களுக்குப் பிள்ளை வேண்டும், இவர்களுக்கு நிழல் வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் எட்டு வயதுக்குட்பட்டிருக்கிற குடும்பத்தை எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம் ஆனது. உடல் சோதனை பிள்ளைகளுக்கு மட்டும். பெற்றவர்கள் படிவத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். பிள்ளைகள்தான் டிக்கெட், நாமெல்லாம் லக்கேஜ் என்று அளத்தில் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

எந்த ஊர் ஒத்துவரும் என்பதைப் பெட்டி சொல்லும். பூங்கனி வீட்டுச் சுவரில் அது நாற்பது நாள் உட்கார்ந்திருந்தது, ஒரு சோப்புக்கட்டி அளவுக்கு. யார் முதலில் எழுகிறார்கள், யார் யாருக்குச் சோறு போடுகிறார்கள், பிள்ளை அழுதால் யார் தூக்குகிறார்கள் என்று எல்லாவற்றையும் படித்துக்கொண்டது. பிறகு தனக்குள்ளே அதே மாதிரி ஒரு குடும்பத்தை உண்டாக்கி, ஒவ்வொரு ஊரிலும் பதினாலு வருடம் வாழவிட்டுப் பார்த்தது. ஒரு தடவை இல்லை, ஆயிரம் தடவை. எத்தனை தடவை பிள்ளைகள் நல்லபடியாக ஆளானார்களோ, நூற்றுக்கு அத்தனை மார்க். உள்ளே நடந்ததை யாரும் பார்க்க முடியாது. மார்க் மட்டும்தான் வெளியே வரும்; ஏன் அந்த மார்க் என்று ஒரே ஒரு தடவை கேட்கலாம்.

“ஹெல்மார்தான் உங்களுக்கு நல்ல ஊரு,” என்றார் எப்சிபா. “தொண்ணூத்தொண்ணு. இந்த ஆபீஸ்ல நான் பார்த்ததுலயே கூடுன மார்க்கு.”

பூங்கனிக்கு மூச்சு வந்தது. ஆனால் எப்சிபா திரையைத் திருப்பவில்லை. தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, அது மூன்று பேராகப் போனால் வருகிற மார்க் என்றார்.

“மூணு பேருன்னா?”

“நீங்க, தாரகை, அபின். நாலு பேரா போனா அறுபத்தி நாலு.”

இரண்டாவது ஊரான பிரான்வெல்லில் மூன்று பேருக்கு எண்பத்தாறு, நாலு பேருக்கு ஐம்பத்தொன்பது. மூன்றாவது ஸ்கோர்வி, எல்லாவற்றுக்கும் வடக்கே. அதைப் பார்க்கவே வேண்டாம், அங்கே எப்படிப் போனாலும் எழுபத்திரண்டுதான் என்றார் எப்சிபா. வீட்டுக்காரர் இங்கேயே இருந்துவிட்டு மூன்று வருடம் கழித்து வரலாம், அதற்கு விதி இருக்கிறது என்று யோசனையும் சொன்னார். அதுவரைக்கும் அந்த விதி இருக்குமா என்று பூங்கனி கேட்டதற்கு, அதைத் தன்னால் சொல்ல முடியாது என்றார்.

லிங்கதுரை குடிக்கிறவன் இல்லை. ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூடக் கை நீட்டியதில்லை. முட்டுவலி என்று போன வருடம் அளத்தைவிட்டு நின்றவன், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தான். வெயில் மாதங்களில் பள்ளிக்கூடமும் போனிலேயே நடந்துவிடுவதால் தாரகையும் நாளெல்லாம் அவனோடுதான். பூங்கனி விடியற்காலை மூன்று மணிக்குப் போய்ப் பதினொன்றுக்குத் திரும்புவாள். அந்த எட்டு மணி நேரத்தில் வீட்டுக்குள் என்ன நடக்கிறது? அப்பன் இல்லாவிட்டால் பிள்ளை நல்லாயிருக்கும் என்று ஒரு இயந்திரம் சொல்லும்படி என்ன நடக்கிறது? மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“என் ‘ஏன்’ன இதுக்கே போடுங்க மேடம்.”

“யோசிச்சுக்கோங்க. இது போனா வேற கிடையாது.”

“போடுங்க.”

பதில் வர ஒரு நிமிடம் ஆனது. எப்சிபா வாசித்தார்.

“‘மூத்த குழந்தை தரையில் கிடப்பதை எடுப்பதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக இருநூற்றுப் பன்னிரண்டு முறை குனிகிறது. தொடர்ந்து நான்கு நிமிடங்களுக்கு மேல் விளையாடியதில்லை. தந்தை பின்னால் வரும்போது மட்டும் குதிகாலைத் தரையில் தேய்த்து நடக்கிறது.’ அவ்வளவுதான் இருக்கு. எனக்கு ஒண்ணும் விளங்கல பூங்கனி.”

பூங்கனிக்கு விளங்கியது. தூத்துக்குடி அளத்தில் வேலை பார்த்த யாருக்கும் விளங்கும். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்புகிற வெயில் பத்துப் பதினைந்து வருடத்தில் கண்ணைக் குடித்துவிடும். கண் மங்கிவிட்டது என்று கங்காணிக்குத் தெரிந்தால் மறுநாள் வேலை இல்லை. அதனால் கண் போன ஆள் வரப்பில் இன்னொரு ஆளுக்குப் பின்னால் நடப்பான். முன்னால் போகிற ஆள் குதிகாலைக் கொஞ்சம் தேய்த்து நடப்பான். அந்தச் சத்தத்தில் அடியெடுத்து வைத்துத் தலைச்சுமையோடு உப்புக் குவியல்வரை போய்விடலாம். இதை யாரும் யாரிடமும் பேசிக்கொள்வதில்லை. கண் மங்கிய இசக்கியம்மாளுக்கு முன்னால் பூங்கனியே இரண்டு வருடம் அப்படி நடந்திருக்கிறாள்.

தாரகை செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறாள் என்று எத்தனை நாள் ஏசியிருப்பாள். காலைத் தூக்கி நட என்று ஒரு நாள் கெண்டைக்காலில் அடித்தும்விட்டாள்.

வேறு யாருக்காகவோ கேட்பதுபோலக் கேட்டாள். படிவத்தில் உடம்பில் குறை இல்லை என்று எழுதிவிட்டு, பிறகு இருக்கிறது என்று சொன்னால் என்ன ஆகும்?

எப்சிபாவின் விரல்கள் திரையைவிட்டு விலகின. பொய்த் தகவல் என்று கோப்பை மூடிவிடுவார்கள், ஐந்து வருடத்துக்கு மனுப் போட முடியாது என்றார்.

“முதல்லயே எழுதியிருந்தா?”

“எழுதியிருந்தா பெட்டி அதையும் சேத்து ஓட்டிப் பார்த்திருக்கும். அங்க வைத்தியம் இருக்கு, தொணைக்குக் கருவி இருக்கு. மார்க்கு கூடத்தான் வந்திருக்கும்.”

“எழுதலன்னா?”

“இங்க தொணைக்கு இருக்குற வேலைய யாரு பாக்காங்களோ, அங்கயும் அவங்களே பாப்பாங்கன்னு பெட்டி எடுத்துக்கிடும். பதினாலு வருசத்துக்கும்.” எப்சிபா எழுந்து நின்றார். “நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் கேக்கல. வெள்ளிக்கிழமை வாங்க.”

படிவத்தில் அந்தக் கேள்வியை அவள் வாசித்தபோது லிங்கதுரை ‘இல்லை’ என்றான். அவளும் யோசிக்காமல் எழுதினாள். அளத்தில் ஆள் எடுக்கும்போது கேட்கிற முதல் கேள்வி அதுதான். அதற்கு அளத்து ஆட்களில் வேறு பதிலை யாரும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்தபோது லிங்கதுரை கட்டிலில் இருந்தான். அபின் தூங்கிக்கொண்டிருந்தான். தாரகை போனில் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் பூங்கனி இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போதுதான் கவனித்தாள், பிள்ளையின் கண் போனுக்கும் தரைக்குமாகப் போய்ப் போய் வந்தது.

அவள் நீல பிளாஸ்டிக் குடத்தை எடுத்துச் சத்தமில்லாமல் வீட்டின் நடுவில் வைத்தாள். தாரகை உடனே எழுந்தாள். பூங்கனி அவளைப் பிடித்து மடியில் இருத்தி, இரண்டு கைகளாலும் இறுக்கிக்கொண்டாள்.

“ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்.”

லிங்கதுரை எழுந்தான். நேராகத்தான் நடந்தான், தலை நிமிர்ந்து. பிள்ளையின் உடம்பு அவள் கைக்குள் முறுக்கிய கயிறு மாதிரி விறைத்தது. அவன் மூன்றாவது அடி வைத்தான். குடத்துக்கு இன்னும் ஒரு அடி. தாரகை ஒரு காலை மட்டும் எக்கி நீட்டி, குதிகாலால் சிமெண்டுத் தரையில் ஒரு இழுப்பு இழுத்தாள்.

தூக்கிய காலோடு அப்படியே நின்றான் லிங்கதுரை.

பிறகு அவன் காலைப் பின்னால் வைத்தான். குனிந்து கையால் துழாவினான். குடத்தின் வாய் தட்டுப்பட்டதும் அதைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“எப்பலேர்ந்து?” என்றாள் பூங்கனி.

போன தைக்கு முன்னாலிருந்து என்றான். வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. முட்டுக்கு ஒன்றும் இல்லை, முட்டு நல்லாத்தான் இருக்கிறது என்று சிரிக்கப் பார்த்தான்.

“எங்கிட்ட சொல்லிருக்கலாமே.”

“சொன்னா நீ படிவத்துல எழுதிருவ. அந்தப் பெட்டியும் கங்காணிதானட்டி. கண்ணு இல்லாதவன எவன் எடுப்பான்?”

“ஆறு வயசுப் பிள்ளைய வரப்புல முன்னால நடக்க விட்டிருக்கீங்க.”

“விளையாட்டுன்னுதான் சொல்லிக்குடுத்தேன். அவளுக்குப் பிடிச்சிருந்துச்சு.”

நாலு நிமிடம், என்றாள் பூங்கனி. நாற்பது நாளில் ஒரு தடவைகூட நாலு நிமிடத்துக்கு மேல் அது விளையாடவில்லை. மார்க்குகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். இப்போது போய் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள். அவன் கடைசிவரை கேட்டான். அவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

“அப்ப மூணு பேரா போங்க. கங்காணிய ஏமாத்திட்டேன், பெட்டிய ஏமாத்த முடியல. அது சரியாத்தான் சொல்லுது.”

மடியிலிருந்து தாரகை சொன்னாள், “நான் போவமாட்டேன். அப்பாவுக்கு வழி யாரு சொல்லுவா?”

அடம்பிடிக்கிற குரல் இல்லை அது. ஆள் மாற்றிவிடாமல் வேலையைவிட்டுப் போக முடியாது என்று சொல்கிற வேலைக்காரியின் குரல். அதைக் கேட்டபோதுதான் பூங்கனிக்கு உண்மையில் பயம் வந்தது.

வியாழக்கிழமை அவள் அளத்துக்குப் போனாள். உப்புக்கூடையை ஒரு ஆள் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று கண் தானாகவே பார்த்துக்கொள்ளும். மட்டமாக இருந்தால் கனமானாலும் தூக்கிவிடலாம். ஒரு பக்கம் சாய்ந்தால் கால் கூடை உப்பும் கழுத்தை ஒடிக்கும். எட்டாவது கூடையோ ஒன்பதாவதோ, தூக்கும்போதுதான் அவளுக்கு அது தட்டியது. மூன்றாவது ஊர். மூன்று பேராகப் போனாலும் எழுபத்திரண்டு, நாலு பேராகப் போனாலும் எழுபத்திரண்டு.

அங்கே மட்டும் அவன் பாரம் இல்லை. ஏன்?

வீட்டுக்கு வந்ததும் ஸ்கோர்வியைப் பற்றி அலுவலகம் அனுப்பியிருந்த இரண்டு நிமிடப் படத்தைப் போனில் போட்டாள். வருடத்தில் பாதி நாள் அங்கே இருட்டு. பனிப்புயல் அடித்தால் நீட்டிய கை தெரியாது. அதற்காக வீட்டுக்கு வீடு, கடைக்கு, மீன் கொட்டகைக்கு, எல்லா இடத்துக்கும் இடுப்பு உயரத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். முகம் மூடிய ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாதாரணமாகப் போய்வந்தார்கள். மஞ்சள் பேருந்து ஒன்றின் ஜன்னல்களில் பிள்ளைகள் கையாட்டினார்கள். இங்கே பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு குரல் சொன்னது. அவள் திரும்பவும் கயிறு வருகிற இடத்துக்கே போனாள்.

“கயிறா?” என்றான் லிங்கதுரை. “எல்லா எடத்துக்குமா?”

“எல்லா எடத்துக்கும்.”

அவன் கை கட்டில் சட்டத்தின்மேல் மெதுவாக நகர்ந்தது, எதையோ பிடித்துப் போவதுபோல. அதற்குப் பிறகு, தான் இங்கேயே இருந்துகொள்வதாக அவன் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு எப்சிபா அவளிடம் கிட்டத்தட்டச் சண்டை போட்டார். தொண்ணூற்றொன்றை விட்டுவிட்டு எழுபத்திரண்டை எடுப்பது பெற்ற பிள்ளையின் வாழ்க்கையில் பத்தொன்பது மார்க்கை வெட்டி எறிவது என்றார்.

“அது ஏன் ரெண்டும் சமமா வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. கேக்கவும் முடியாது, உங்க ‘ஏன்’ தீந்துபோச்சு.”

“எனக்குத் தெரியும் மேடம்,” என்று சொல்லிவிட்டு, உப்பு தின்று ரேகை மழுங்கிய பெருவிரலைத் திரையில் வைத்தாள் பூங்கனி. இரண்டு தடவை அது பதியவில்லை. மூன்றாம் தடவை பதிந்தது.

அவர்கள் ஸ்கோர்வியில் இறங்கும்போது அக்டோபர் தொடங்கியிருந்தது. கயிறு உண்மைதான். கன்னங்கரேலென்று, கட்டைவிரல் தடிமனில், ஒவ்வொரு வாசலிலிருந்தும் புறப்பட்டுப் போனது. முதல் நாளே லிங்கதுரை அதைப் பிடித்துக்கொண்டு மீன் கொட்டகை வரைக்கும் தனியாகப் போய்த் திரும்பினான். அவன் வருகிறவரை தாரகை ஜன்னலைவிட்டு நகரவில்லை.

நாலாவது நாள் காலையில் மஞ்சள் பேருந்து வாசலில் நின்றது. இறங்கி வந்த பெண் பேசியதைக் காதுக்கருவி தமிழில் சொன்னது. குழந்தையின் பையில் கம்பளி உள்ளாடை நான்கு இருக்கட்டும், தலையணை தேவையில்லை, பள்ளியில் கொடுப்பார்கள்.

தலையணை எதற்கு என்று பூங்கனி கேட்டாள்.

பள்ளிக்கூடம் தொண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. பனிக்காலத்தில் தினமும் போய்வர முடியாது. ஆறு வயதானால் எல்லாப் பிள்ளைகளும் அங்கேயே தங்குவார்கள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வீட்டில் விடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து எடுத்துக்கொள்வார்கள். அலுவலகம் கொடுத்த தாள்களில் பதினொன்றாம் பக்கத்தில் இருக்கிறதே என்று அந்தப் பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள். நல்ல பெண்தான். தாரகையின் தொப்பியைச் சரிசெய்துவிட்டாள்.

பூங்கனி வாசல் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எழுபத்திரண்டும் எழுபத்திரண்டும் எதனால் சமம் என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் அப்பன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், அதைப் பார்க்கப் பிள்ளை வீட்டில் இருக்கப் போவதில்லை. அந்தக் கணக்கில் கயிறே கிடையாது.

பேருந்தின் படியில் ஏறுவதற்கு முன்னால் தாரகை திரும்பி வந்தாள். நடைபாதையில் கிடந்த பனிச்சுரண்டியை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஆறு வாரமும் கெட்டது என்று சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. லிங்கதுரைக்குக் கொட்டகையில் வேலை கிடைத்தது. மீன்களை இரண்டிரண்டாக வாலில் சேர்த்துக் கட்டிக் காயப்போடுகிற வேலை. அதற்குக் கை போதும். பனிப்புயல் அடித்த ஒரு நாள், இங்க எல்லாப் பயலும் குருடன்தானட்டி என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவனுக்குக் கண் தெரியாது என்று கொட்டகையில் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லவும் அவர்கள் இன்னும் துணியவில்லை.

பூங்கனி வெள்ளிக்கிழமைகளை எண்ணினாள். முதல் வெள்ளிக்கிழமை வந்து இறங்கியதும் தாரகை வீட்டைச் சுற்றிவந்து தரையெல்லாம் பார்த்தாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை ஒரு சிநேகிதியின் பெயரைச் சொன்னாள். நாலாவது வாரம் தூக்கத்தில் பேசினாள், பூங்கனிக்குப் புரியாத பாஷையில்.

ஏழாவது வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வெளியே ஏற்கனவே இருட்டியிருந்தது. பேருந்து நின்று போகிற சத்தம் கேட்டது. லிங்கதுரை அடுப்புப் பக்கம் உட்கார்ந்து காலுறையை உலர்த்திக்கொண்டிருந்தான். கழற்றிப்போட்ட அவன் பூட்ஸில் ஒன்று வழியின் குறுக்கே சாய்ந்து கிடந்தது. பூங்கனி அதைப் பார்த்தாள். எடுக்கப் போனவள் நின்றுகொண்டாள்.

கதவு திறந்தது. தாரகை கன்னம் சிவந்து உள்ளே வந்தாள். காலை நன்றாகத் தூக்கி வைத்து நடந்தாள். குறுக்கே கிடந்த பூட்ஸைப் பார்த்தாள், தாண்டினாள், பையை இறக்கி வைத்தாள்.

லிங்கதுரை தலையைத் திருப்பினான்.

“யாரு?”

“நான்தாம்ப்பா,” என்று சொல்லிக்கொண்டே அவள் மாடிக்கு ஓடினாள். ஏதோ ஒரு பாட்டு அவளோடு ஏறிப் போனது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பூங்கனி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். நாலு நிமிடம் தாண்டியும் பாட்டு நிற்கவில்லை.

லிங்கதுரை முகத்தை மாடிப்பக்கமாகவே வைத்துக்கொண்டிருந்தான். “ஏட்டி, நம்ம பிள்ளையா வந்திருக்கு?” என்று மெதுவாகக் கேட்டான். ஆமாம் என்றாள். குனிந்து பூட்ஸை எடுத்து ஓரமாக வைத்தாள். சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. அவனை எழுப்பி முன்னால் நடந்தாள், குதிகாலை மரத்தரையில் கொஞ்சம் தேய்த்தபடி. அவன் அந்தச் சத்தத்தில் அடியெடுத்து வைத்துப் பின்னால் வந்தான்.

பாதி தூரத்தில் இன்னொரு சத்தம் கேட்டது. சின்னதாக, அவள் சத்தத்துக்குச் சரியாக. திரும்பிப் பார்த்தாள். அபின் அப்பனின் கைலி முனையைப் பிடித்துக்கொண்டு, கீழே தரையைப் பார்த்தபடி, பிஞ்சுக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டு வந்தான். அவனுக்கு ஆறு வயதாக இன்னும் மூன்று வருடம் இருந்தது.

“காலத் தூக்கி நடலே,” என்றாள் பூங்கனி.